பாதி ஒன்லைன், பாதி பட்டறை: என்.வி.கியூ 4 எலக்ட்ரீஷியன் வகுப்பில் பயிலுநர் திருப்தியை எப்படி அளக்கிறீர்கள், எப்படிக் கூட்டுகிறீர்கள்?

மருதானை_இணைப்பாளர் எழுதியது:

வணக்கம். கொழும்பில் ஒரு பயிற்சி நிலையத்தில் தமிழ்மொழி மூல என்.வி.கியூ 4 (தேசிய தொழிற்தகைமை, நான்காம் மட்டம்) எலக்ட்ரீஷியன் பாடநெறியை ஒருங்கிணைக்கிறேன். ஒரு பிரிவில் 24 பேர். 6 மாதம் நிலையத்தில், பிறகு 6 மாதம் தொழிலிடப் பயிற்சி. பட்டறையில் வயரிங் பழகும் பலகை 8, மெகர் (வயரின் காப்புத் தடையைச் சோதிக்கும் கருவி) 2, போதனாசிரியர் ஒருவர்.

இப்போதைய ஏற்பாட்டில் திங்களும் புதனும் காலை 9 முதல் 12 வரை சூமில் கோட்பாடு நடக்கிறது. செவ்வாய், வியாழன், வெள்ளி எல்லோரும் பட்டறைக்கு வருகிறார்கள், நாளுக்கு 5 மணி நேரம் செய்முறை. முடிவில் 10 கேள்வியோடு ஒரு கூகுள் போர்ம் கொடுத்தோம். "பயிற்சி திருப்தியாக இருந்ததா", "ஒன்லைன் வகுப்பும் ஆசிரியரும் நன்றாக இருந்தார்களா" என்ற மாதிரிக் கேள்விகள். ஏறக்குறைய எல்லோரும் 4 அல்லது 5 போட்டிருக்கிறார்கள், சராசரி 4.4.

ஆனால் நடைமுறை வேறு. மூன்றாம் மாதத்திலிருந்து சூமில் பாதிப் பேருக்குக் கமராவும் இல்லை, பதிலும் இல்லை. திங்கள் சொன்ன பாடத்தையே போதனாசிரியர் செவ்வாய் காலை கரும்பலகையில் திரும்பச் சொல்கிறார். இடையில் நின்றவர்களும் உண்டு. செய்முறையில் டூ-வே சுவிட்ச் (ஒரே லைட்டை இரண்டு இடத்திலிருந்து போட்டு அணைப்பது) தாண்டியதும் பலர் தடுமாறுகிறார்கள். போர்மில் இது எதுவுமே தெரியவில்லை.

நிர்வாகம் அந்த 4.4ஐப் பார்த்துவிட்டு அடுத்த பிரிவுக்கு ஒன்லைனை 3 நாளாக்கலாம் என்கிறது. எந்தப் பாடத்தை ஒன்லைனில் விடலாம், எதை விடக்கூடாது, திருப்தியை எப்படிக் கேட்டால் உண்மை வரும் என்று இதைச் செய்து பழகியவர்கள் விவரமாகச் சொல்லுங்கள். பயிலுநர் பலர் கொட்டாஞ்சேனை, கிராண்ட்பாஸ், மட்டக்குளி, தெமட்டகொட பக்கம். வீட்டில் ஒரு போனை இரண்டு மூன்று பேர் பாவிக்கிற குடும்பங்களும் இருக்கின்றன.

எர்த்வயர் எழுதியது:

திருப்தியைப் பிறகு பார்ப்போம், முதலில் ஒரு கணக்கு. தொழிற்பயிற்சிக்கு வருகிற பிள்ளை கையால் வேலை பழகத்தான் வருகிறது. ஆகவே ஒரு கிழமையில் ஒருவர் கையில் கருவி எவ்வளவு நேரம் இருக்கிறது என்பதைப் பாருங்கள்.

இப்போது 3 நாள், 5 மணி நேரம், மொத்தம் 15 மணி நேரம். 24 பேருக்கு 8 பலகை என்றால் பலகைக்கு மூவர். ஒருவர் பிணைக்கிறார், இருவர் பார்க்கிறார்கள். ஆளுக்குக் கிடைப்பது கிழமைக்கு 5 மணி நேரம். நிர்வாகம் சொல்வதுபோல ஒன்லைனை 3 நாளாக்கினால் பட்டறை 10 மணி நேரம், ஆளுக்கு 3 மணி 20 நிமிடம். கோட்பாட்டை ஒன்லைனுக்குக் கொண்டுபோனதன் பலன் பட்டறையில் வந்து சேர வேண்டும். உங்கள் ஏற்பாட்டில் அது எங்குமே வந்து சேரவில்லை: திங்களும் புதனும் பலகைகள் சும்மா கிடக்கின்றன.

மாற்றிப் பாருங்கள். 24 பேரை 12, 12 ஆகப் பிரியுங்கள். முதற்குழுவுக்குப் பட்டறை திங்கள், செவ்வாய். இரண்டாம் குழுவுக்குப் புதன், வியாழன். வெள்ளி காலை 2.5 மணி நேரம் ஒரு குழு, பிற்பகல் மற்றது. 12 பேருக்கு 8 பலகை: நான்கில் தனியாள், நான்கில் இருவர், நாளுக்கு நாள் இடம் மாற்றுங்கள். ஆளுக்குக் கிழமைக்கு 6 மணி 40 நிமிடம், வெள்ளிக்கிழமை இன்னும் 1 மணி 40 நிமிடம், மொத்தம் 8 மணி 20 நிமிடம். பஸ் ஏறும் நாள் அதே 3 தான். புதிதாக ஒரு பலகையும் வாங்கவில்லை.

இதில் விலை கொடுப்பவர் போதனாசிரியர். இப்போது அவருக்குப் பட்டறை 15, சூம் 6, ஆக 21 மணி நேரம். புதிய ஏற்பாட்டில் பட்டறையே 25. அதனால் 3 மணி நேர நேரடிச் சூமைத் தொடரவே முடியாது. அது பதிவு செய்த குறும் வீடியோவாகவும், கிழமைக்கு ஒரு தடவை இரவு 7.30க்கு 40 நிமிடக் கேள்வி நேரமாகவும் மாற வேண்டும். உதவிக்கு ஒருவரைக் கேட்டு வாங்குங்கள். அது கிடைக்காவிட்டால் இந்தத் திட்டத்தைத் தொடங்காதீர்கள், இரண்டாம் மாதமே போதனாசிரியர் களைத்துவிடுவார்.

எதை ஒன்லைனில் விடலாம்? சுற்று வரைபடம் வாசிப்பது, குறியீடுகள், ஓமின் விதிக் கணக்கு, கேபிள் அளவு தெரிவு. உதாரணம்: 3 கிலோவாட் கீசர், 230 வோல்ட், 13 அம்பியர் இழுக்கும், கேபிள் என்ன, பிரேக்கர் என்ன, ஏன். இதெல்லாம் வீட்டில் இரண்டு தரம் நிறுத்தி நிறுத்திப் பார்க்க வேண்டியவை, வகுப்பில் ஒரே தடவையில் ஓடிவிடும்.

விடவே கூடாதவை: வயர் உரித்து முனையில் இறுக்குவது, கொன்டியுட் (வயர் போகும் குழாய்) வளைப்பது, மெகர் சோதனை, பிழை தேடுவது. மெகரை வீடியோவில் பார்த்தவர் 500 வோல்ட் டிசி, குறைந்தது 1 மெகாஓம் என்று ஒப்பிப்பார். பலகையில் விட்டால், அந்த 500 வோல்ட்டில் பழுதாகக்கூடிய எல்ஈடி டிரைவரையும் டிம்மரையும் கழற்றாமலே பட்டனை அழுத்துவார். அந்தப் பழக்கம் கையில்தான் ஏறும், பக்கத்தில் ஒருவர் நிற்கும்போதுதான் ஏறும்.

பிழை தேடுவதில் ஒரு பங்கை மட்டும் படமாக ஒன்லைனில் வைக்கலாம். டூ-வே சுவிட்சில் கொமன் (பொது) முனையில் வர வேண்டிய வயரையும், இரண்டு சுவிட்சையும் இணைக்கும் வயரையும் மாற்றிப் போட்ட படத்தைக் காட்டி, "மாடிச் சுவிட்ச் எந்த நிலையில் இருக்கும்போது கீழ்ச் சுவிட்ச் வேலை செய்யாது?" என்று கேளுங்கள். சுவிட்சை நியூட்ரலில் போட்ட படத்தைக் காட்டி, "லைட் அணைந்துவிட்டது, ஹோல்டரைத் தொடலாமா?" என்று கேளுங்கள். மின் கசிந்தால் தானாக விழும் ட்ரிப் சுவிட்சின் டெஸ்ட் பட்டனை அழுத்தியதும் விழுந்தது, அப்படியானால் எர்த் சரியா? சரி என்பதற்கு அது சான்றே அல்ல, அந்தப் பட்டன் வீட்டின் எர்த் கம்பியைத் தொடுவதே இல்லை. இப்படி 5 கேள்வி, பட்டறைக்கு முந்தின இரவு. 4 சரியானவர் நேரே பலகைக்கு. மற்றவர்களுக்கு முதல் 20 நிமிடம் ஒரு மேசையைச் சுற்றி விளக்கம், பிறகு அவர்களும் பலகைக்கு.

இங்கேதான் பெரும்பாலான இடங்களில் கலப்பு முறை, அதாவது பாதி ஒன்லைன் பாதி நேரடி, உடைகிறது. வீடியோ பார்க்காமல் வந்தவர்களுக்காக முழு வகுப்புக்கும் பாடத்தைத் திரும்பச் சொன்னால், பார்த்து வந்தவர் அடுத்த கிழமை பார்க்க மாட்டார். ஏன் பார்க்க வேண்டும், செவ்வாய்க்கிழமை எப்படியும் சொல்லப்போகிறார்களே. உங்கள் சூமில் கமரா அணைந்ததற்கு முதற்காரணம் இதுவாகத்தான் இருக்கும்.

வீடியோ ஒன்றுக்கு ஒரே வேலை, 5 அல்லது 6 நிமிடம். எட்எக்ஸ் என்ற ஒன்லைன் பாடநெறித் தளத்து வீடியோக்களை வைத்து 2014இல் வந்த ஆய்வில், வீடியோ எவ்வளவு நீளமானாலும் நடுநிலைப் பார்வை நேரம் 6 நிமிடத்தைத் தாண்டவில்லை. கமராவை வலது தோளுக்குப் பின்னாலிருந்து கையை நோக்கி வையுங்கள். எதிரே வைத்தால் இடம் வலமாகி, முனைகளைப் பிள்ளைகள் தலைகீழாகப் புரிந்துகொள்வார்கள். உங்கள் பட்டறையில் உள்ள அதே பலகை, அதே பிராண்ட் பிரேக்கர் வீடியோவில் இருக்க வேண்டும்.

யூடியூப்பில் இருக்கும் இந்தியத் தமிழ் வீடியோக்களை அப்படியே கொடுக்காதீர்கள். சொல்லித்தரும் முறை நன்றாகவே இருக்கும், ஆனால் வயர் நிறம் வேறு. அங்கே நியூட்ரல் கறுப்பு. இங்கே பழைய வீடுகளிலும் கறுப்பு நியூட்ரல்தான், ஆனால் பழுப்பு, கறுப்பு, சாம்பல் என்று வரும் புதிய மூன்று பேஸ் கேபிளில் கறுப்பு ஒரு பேஸ், அதாவது மின் உள்ள கம்பி. பிளக்கும் அப்படித்தான்: நமது 13 அம்பியர் சதுரப் பின் பிளக்கினுள் ஃபியூஸ் இருக்கிறது, அங்குள்ள உருண்டைப் பின் பிளக்கில் இல்லை. இதை முதல் வகுப்பிலேயே பலகையில் மூன்று கேபிள் துண்டைக் கட்டித் தொங்கவிட்டுக் காட்டுங்கள்.

கணக்குப்பார்வை எழுதியது:

எர்த்வயர் அண்ணா பட்டறையைச் சொல்லிவிட்டார். அளவீட்டை நான் எடுக்கிறேன், இதில் திருத்த வேண்டியது நிறைய இருக்கிறது.

முதலில் அந்த 4.4 ஏன் வந்தது. பாடநெறி முடிவில் கேட்டீர்கள்: நின்றுபோனவர்கள் அதில் இல்லை. மதிப்பீடும் சான்றிதழும் முன்னால் இருக்கும் நேரம், யாரும் 2 போட மாட்டார்கள். கூகுள் போர்மில் "ஒருவருக்கு ஒரு பதில்" என்ற அமைப்பைப் போட்டிருந்தால் கணக்கில் உள்நுழைந்துதான் நிரப்ப முடியும். மின்னஞ்சல் உங்களுக்கு வராவிட்டாலும் பிள்ளைகள் தங்கள் பெயர் தெரியும் என்றே நினைப்பார்கள். அதை எடுத்துவிடுங்கள். ஒருவர் இரண்டு தரம் நிரப்புவது 24 பேரில் பெரிய ஆபத்து அல்ல, பயத்தில் 5 போடுவது பெரிய ஆபத்து. நிரப்பும்போது போதனாசிரியர் அறையில் இருக்கக் கூடாது.

"ஒன்லைன் வகுப்பும் ஆசிரியரும் நன்றாக இருந்தார்களா" என்பது இரண்டு கேள்வி. ஆசிரியரைப் பிடித்து வகுப்பைப் பிடிக்காதவர் என்ன போடுவார்? ஆசிரியருக்காக 5 போடுவார். நம்மவர்களிடம் ஆசிரியருக்கு மரியாதை அதிகம், ஆளைப் பற்றிக் கேட்டால் குறை வராது. நடந்ததைப் பற்றிக் கேட்டால் வரும். ஆகவே நல்லதா, கெட்டதா என்று கேட்காமல் நடந்ததா, எத்தனை தரம், எவ்வளவு நேரம் என்று கேளுங்கள்:

"கடந்த கிழமை பட்டறையில் பலகையை உங்கள் கையால் செய்தது ஒரு நாளுக்கு ஏறத்தாழ எவ்வளவு நேரம்?" அரை மணிக்குக் குறைவு, அரை முதல் 1 மணி, 1 முதல் 2, 2க்கு மேல்.

"வீடியோ பார்த்த பிறகு, அதே வேலையைப் பட்டறையில் தொடங்க யாரிடமாவது கேட்க வேண்டி வந்ததா?" ஒவ்வொரு முறையும், சில முறை, இல்லை, வீடியோ பார்க்கவில்லை. இந்தக் கடைசித் தெரிவை மறக்காமல் வையுங்கள். அது இல்லாவிட்டால் பார்க்காதவர்கள் "இல்லை" என்று போட்டு உங்கள் கணக்கையே குழப்பிவிடுவார்கள்.

"நீங்கள் பிழை விட்டபோது அது ஏன் பிழை என்று காட்டினார்களா, அல்லது திருத்திக் கொடுத்துவிட்டுப் போனார்களா?"

"ஒன்லைன் பாடத்துக்காகக் கடந்த கிழமை எவ்வளவு ரூபாய்க்கு டேட்டா போட்டீர்கள்?"

"பாடத்தைப் பார்த்தது யாருடைய போனில்?"

கடைசியில் திறந்த கேள்வி ஒன்று போதும்: "அடுத்த கிழமை ஒரே ஒன்றை மாற்றலாம் என்றால் எதை மாற்றுவீர்கள்?" பதிலை எழுதச் சிரமப்படுபவர்கள் குரல் பதிவாக அனுப்பலாம், ஆனால் குரல் அடையாளம் காட்டும். அதனால் நிலையத்துக்கு வெளியே ஒருவர் கேட்டு எழுத்தாக்கித் தர வேண்டும்.

மொத்தம் 12 கேள்விக்கு மேல் போகாதீர்கள். எதிர்மறை வாக்கியங்களைத் தவிருங்கள். "வீடியோ விளங்கவில்லை என்று சொல்ல முடியாது" என்று எழுதி "உடன்படவில்லை" என்ற தெரிவையும் வைத்தால் யாருக்கும் தலைவால் புரியாது. போர்மை வெளியிடுமுன் 3 பேரை உட்கார வைத்து உரத்து வாசிக்கச் சொல்லி, ஒவ்வொரு கேள்வியும் என்ன கேட்கிறது என்று அவர்கள் வாயால் சொல்லச் சொல்லுங்கள். பாதிக் கேள்வியை அங்கேயே திருத்துவீர்கள்.

எப்போது கேட்பது: 3ஆம் கிழமை, 3ஆம் மாதம், நிலையப் பயிற்சி முடிவு, தொழிலிடப் பயிற்சியில் 3 மாதம் போன பிறகு. முதல் இரண்டும்தான் பயனுள்ளவை, ஏனென்றால் பதில் சொன்னவருக்கே மாற்றம் கிடைக்கும். கேட்டு ஒரு கிழமைக்குள் "நீங்கள் சொன்னது இது, மாற்றியது இது, மாற்ற முடியாதது இது, காரணம் இது" என்று பட்டறைச் சுவரில் ஒரு தாள் ஒட்டுங்கள். இது இல்லாவிட்டால் இரண்டாவது போர்மில் எல்லோரும் ஒரே எண்ணை வரிசையாகப் போட்டுவிட்டுப் போவார்கள்.

நின்றுபோனவர்களைத் தொலைபேசியில் எடுங்கள். நிலையத்தில் கற்பிக்காத ஒருவர் எடுக்கட்டும். மூன்றே கேள்வி: எந்தக் கிழமை விட்டீர்கள், அந்தக் கிழமை என்ன நடந்தது, எது இருந்திருந்தால் வந்திருப்பீர்கள். உங்கள் நிலையத்தின் திருப்தி பற்றி அவர்களுக்குத் தெரிந்தது முடித்தவர்களுக்குத் தெரியாது.

எண்ணை வாசிப்பது பற்றி. 24 பேரில் ஒருவர் 5க்குப் பதில் 1 போட்டால் சராசரி 0.17 இறங்கும். 4.4க்கும் 4.2க்கும் இடையிலான வித்தியாசம் ஒரே ஆளின் கோபமாக இருக்கலாம். ஆகவே தசமம் வேண்டாம். "24 பேரில் 9 பேர் நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கும் குறைவாகவே பலகை தொட்டார்கள்" என்று எழுதினால் நிர்வாகத்துக்கும் விளங்கும், என்ன செய்ய வேண்டும் என்பதும் அதிலேயே இருக்கும். ஒரு பகுப்பில் 5 பேருக்குக் குறைவாக இருந்தால் அதைத் தனியே காட்டாதீர்கள். வகுப்பில் மூன்று பெண்பிள்ளைகள் என்றால் "பெண்கள் கருத்து" என்ற தலைப்பே அவர்களைக் காட்டிக்கொடுத்துவிடும்.

இன்னொன்றை நிர்வாகத்துக்கு முன்கூட்டியே சொல்லி வையுங்கள். எர்த்வயர் அண்ணா சொன்னபடி பட்டறைக்கு முந்தின இரவுக் கேள்விகளும் தனியாகப் பலகையும் வந்தால், திருப்தி எண் முதலில் இறங்கக்கூடும். ஹார்வர்டில் பௌதிக வகுப்புகளில் செய்த ஆய்வு 2019இல் வெளிவந்தது. தாங்களே முயன்று கற்ற வகுப்பில் மாணவர் கூடுதலாகக் கற்றார்கள், ஆனால் குறைவாகக் கற்றதாக உணர்ந்தார்கள். நல்ல விரிவுரையைக் கேட்டவர்கள் குறைவாகக் கற்றார்கள், ஆனால் நிறையக் கற்றதாக உணர்ந்தார்கள். தடுமாற்றத்தைக் கற்காததன் அடையாளமாக எடுத்துக்கொள்கிறோம். இதை முதல் கிழமையே பிள்ளைகளுக்கும் சொல்லிவிட வேண்டும்.

அதனால்தான் திருப்தியைத் தனியாக அறிக்கையில் போடக் கூடாது என்கிறேன். டொனால்ட் கிர்க்பட்ரிக் 1959இல் பிரித்த நான்கு படிகளில் திருப்தி முதற்படி மட்டுமே. கற்றல், வேலையிடத்தில் நடத்தை, விளைவு ஆகியவை அதற்கு மேல். உங்களிடம் ஒவ்வொருவரின் தேர்ச்சிப் பதிவேடு இருக்கிறது. ஒவ்வொரு வேலையையும் எத்தனையாவது முயற்சியில் முடித்தார் என்பதை அதில் ஒரு நிரலாகச் சேருங்கள். திருப்தியும் முயற்சி எண்ணும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கட்டும். திருப்தி கூடி, முயற்சியும் கூடினால், பாடம் இனிமையாக இருக்கிறது ஆனால் கைக்கு வரவில்லை என்று அர்த்தம்.

கொட்டாஞ்சேனை_நெட் எழுதியது:

டேட்டா, போன் பற்றி மட்டும்.

3 மணி நேரச் சூம் வீடியோ ஒரு நாளைக்கு ஜிபிக் கணக்கில் தின்னும். குரல் மட்டும் என்றால் மணிக்கு ஏறத்தாழ 30 முதல் 40 எம்பி. கமரா அணைந்தது அலட்சியத்தால் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம், பலர் பக்கேஜைக் காப்பாற்றத்தான் அணைக்கிறார்கள்.

பதிவு வீடியோவை ஹேண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருளில் போட்டு, எம்பி4, எச்.264, உயரம் 480, ஒலி மோனோ 64 கிலோபிட் என்று சுருக்குங்கள். வினாடிக்கு 500 கிலோபிட் அளவில் 5 நிமிட வீடியோ 20 எம்பி சொச்சம் வரும். 720இல் 1.5 மெகாபிட் என்றால் அதே வீடியோ 56 எம்பியைத் தாண்டும். கையும் முனையும் தெரிய 480 போதும், கமரா கிட்ட இருந்தால். மீட்டர் வாசிப்பை மட்டும் தனிப் புகைப்படமாகக் கொடுங்கள், சுருக்கியதில் இலக்கம் மங்கும்.

பட்டறை நாளில் நிலைய வைஃபையில் அடுத்த கிழமைப் பாடம் முழுவதையும் டவுன்லோட் செய்ய 15 நிமிடம் ஒதுக்குங்கள். மூடுல் என்ற ஒன்லைன் கற்றல் தளத்தைப் பாவித்தால் அதன் போன் செயலியில் பாடத்தை இறக்கி வைக்கலாம். குவிஸ் அமைப்பில் "செயலியில் ஒப்லைனாக எழுதலாம்" என்ற தெரிவு இருக்கிறது, அதைப் போட்டுவிட்டால் கரண்ட் இல்லாத, சிக்னல் இல்லாத இரவிலும் எழுதி, பிறகு வைஃபை கிடைக்கும்போது பதிவேற்றலாம். மூடுல் இல்லையென்றால் வட்ஸ்அப் போதும், ஆனால் வீடியோவை டொக்கியுமென்ட் ஆக அனுப்புங்கள், இல்லாவிட்டால் அது திரும்பவும் நசுக்கும்.

போன் பங்கு போடும் வீடுகளுக்கு "மறுநாள் காலை 8க்குள்" என்ற கெடு வேண்டாம். தங்கைக்குப் பாடசாலை வேலை முடிந்து போன் கைக்கு வர இரவு 10 ஆகலாம். இரண்டு நாள் இடைவெளி கொடுங்கள். நிலையத்தில் பழைய டப்லட் நான்கு வைத்து காலை 7.30க்குக் கதவைத் திறந்துவிட்டால் போனே இல்லாதவரும் முடித்துவிட்டுப் பட்டறைக்குள் போகலாம்.

மொழி பற்றியும் ஒன்று. வீடியோவில் குரல் தமிழ், ஆனால் பேஸ், நியூட்ரல், எர்த், கொமன் என்று சைட்டில் சொல்வதையே சொல்லுங்கள். தொழிலிடத்தில் பக்கத்தில் நிற்பவர் பெரும்பாலும் சிங்களத்தில்தான் கதைப்பார். ஒவ்வொரு பாடத்தின் கீழும் அந்த வேலையில் வரும் 10 கருவி, 10 கட்டளைக்குச் சிங்களச் சொல்லைத் தமிழ் எழுத்தில் போட்டு, உச்சரிப்பைக் குரலாகவும் சேருங்கள். இதைப் பயிலுநர் மிகவும் வேண்டுவார்கள்.

மருதானை_இணைப்பாளர் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. 5 மணி நேரத்துக்கும் 8 மணி 20 நிமிடத்துக்கும் உள்ள வித்தியாசத்தை நிர்வாகத்துக்குக் காட்டினால் 3 நாள் ஒன்லைன் பேச்சு நின்றுவிடும் என்று நம்புகிறேன். இரண்டு சந்தேகம். நாட்களை இப்படி மாற்ற அனுமதி வேண்டுமா? தொழிலிடப் பயிற்சி 6 மாதத்தில் பிள்ளைகள் எங்கள் கண்ணிலிருந்து மறைந்துவிடுகிறார்கள், அங்கே கலப்பு முறை என்று ஏதாவது செய்யலாமா?

எர்த்வயர் எழுதியது:

முதலாவதற்கு: என்.வி.கியூ தேர்ச்சி அடிப்படையிலான முறை. இறுதியில் மதிப்பீட்டாளர் பார்ப்பது பிள்ளை செய்து காட்டுவதைத்தான். ஆனாலும் உங்கள் பாடநெறி ஒரு குறித்த அமைப்பில் அங்கீகாரம் பெற்றிருக்கிறது. நேர அட்டவணையை மாற்றுமுன் மூன்றாம்நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவுக்கு எழுத்தில் கேளுங்கள். பழைய அட்டவணை, புதிய அட்டவணை, ஒவ்வொரு தேர்ச்சி அலகுக்கும் ஒருவர் கையில் கருவி இருக்கும் நேரம் எவ்வளவு கூடுகிறது என்ற பட்டியல், மூன்றையும் இணையுங்கள். அந்த நேரம் கூடுகிறது என்பது தாளில் தெரிந்தால் விளக்கம் சொல்வது சுலபம்.

தெஹிவளை_மேற்பார்வை எழுதியது:

இரண்டாவதற்கு நான் சொல்கிறேன். திருப்தி உண்மையில் விழுவது தொழிலிடத்தில்தான். நிலையத்தில் டிபி போர்ட் (மின்சாரத்தைப் பிரித்துக் கொடுக்கும் பெட்டி) பொருத்தப் பழகியவரைச் சைட்டில் கொன்டியுட் சுமக்கவும் சுவர் வெட்டவும் மட்டும் விடுகிறார்கள். பிள்ளை வீட்டுக்கு வந்து, படித்தது வீண் என்று நினைக்கிறது. நிலையத்துக்கு அது தெரிவது பயிலுநரின் நாட்குறிப்பு கைக்கு வரும்போதுதான், அதற்குள் மாதங்கள் போய்விடும்.

செய்ய வேண்டியது: கிழமைக்கு ஒரு தடவை, வெள்ளி மாலை, வட்ஸ்அப்பில் 2 நிமிடக் குரல் பதிவும் 2 படமும். குரலில் நான்கு விஷயம்: இந்தக் கிழமை என் கையால் செய்த வேலை, பார்த்தது மட்டும், விளங்காதது, பாதுகாப்பில் பயந்த இடம். படம் எடுக்கும் விதியைக் கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள்: மெயின் சுவிட்சை நிறுத்தி, டெஸ்டரில் சரிபார்த்த பிறகுதான், அல்லது மூடி போட்ட பிறகு. திறந்த போர்ட்டுக்கு முன்னால் ஒரு கையில் போன் பிடிக்கக் கூடாது. வீட்டுக்காரர், முகவரி, வண்டி இலக்கம் எதுவும் படத்தில் வரக் கூடாது. சில கம்பனிகள் படம் எடுக்கவே விடாது, அங்கே கையால் வரைந்த சுற்றுப் படம் போதும்.

இந்தப் பதிவுகளைத் தேர்ச்சி அலகுப் பட்டியலோடு ஒப்பிடுங்கள். 4 கிழமை தொடர்ந்து "சுமந்தேன், வெட்டினேன்" என்று மட்டும் வந்தால் போதனாசிரியர் சைட்டுக்குப் போக வேண்டும். போகும்போது குறை சொல்லாமல், "இந்த மாதம் இவருக்குப் பொருத்துகிற வேலை இரண்டு கொடுக்க முடியுமா" என்று பட்டியலோடு கேட்டால் மேற்பார்வையாளர் பெரும்பாலும் மறுக்க மாட்டார். மாதம் ஒரு சனிக்கிழமை அரை நாள் நிலையத்தில் கூடுங்கள். சைட்டில் கிடைக்காத வேலையை அன்று பலகையில் செய்யட்டும்.

ஒரு மாற்றுக் கருத்தும் வைக்கிறேன். மேலே எல்லோரும் கலப்பு முறை நல்லது என்ற இடத்திலிருந்து பேசுகிறீர்கள். அமெரிக்கக் கல்வித் திணைக்களம் 2010இல் வெளியிட்ட தொகுப்பாய்வில் கலப்பு வகுப்புகள் நேரடி வகுப்புகளைவிடச் சற்று மேலான பலன் தந்தன என்பது உண்மை. ஆனால் அந்த வகுப்புகளில் கற்கும் நேரமும் பாடப்பொருளும் பெரும்பாலும் கூடுதலாக இருந்தன, பலனை ஒன்லைன் என்ற ஊடகத்துக்கே ஏற்றிச் சொல்ல முடியாது என்று அதே அறிக்கை எச்சரிக்கிறது. நேரத்தைக் குறைப்பதற்காக ஒன்லைன் போகும் நிர்வாகம் அந்த ஆய்வைக் காட்டி நியாயம் கேட்க முடியாது.

வாசிப்பில் பின்தங்கிய பிள்ளைகளை இந்த முறை வேகமாகக் கழித்துவிடும் என்பதையும் மறக்க வேண்டாம். சாதாரண தரம் சரிவராமல் தொழிலுக்கு வந்தவர், கையால் அருமையாகச் செய்வார், ஆனால் 5 கேள்விக் குவிஸில் 2 எடுப்பார். அவரைக் கிழமைதோறும் "மேசையைச் சுற்றி" உட்காரவைத்தால் மூன்றாம் மாதம் வர மாட்டார்.

கணக்குப்பார்வை எழுதியது:

தெஹிவளை அண்ணா சொன்னது சரி. குவிஸில் கேள்வியைக் குரலாகவும் படமாகவும் போட்டு, விடையைப் படத்தில் தொட்டுக் காட்டும்படி வைத்தால் அந்தப் பிள்ளையின் 5க்கு 2 என்ற புள்ளி மாறும். மாறாவிட்டால் வாய்மொழியாக, பலகைக்கு முன்னால் கேளுங்கள். விரலால் காட்டினால் போதும். மேசையில் உட்காருபவர்களின் பெயர் மூன்று கிழமை தொடர்ந்து ஒன்றாகவே இருக்கிறதா என்று பார்ப்பதையும் உங்கள் அளவீட்டில் சேருங்கள்.

இன்னொன்று, முழுப் பாடநெறியையும் ஒரே தடவையில் மாற்ற வேண்டாம். வீட்டு வயரிங் அலகை மட்டும் எடுத்து 4 கிழமை நடத்துங்கள். அதற்கு 10 முதல் 12 வீடியோ போதும். தொடங்குமுன்பே நிறுத்தும் அளவுகளை எழுதி நிர்வாகத்திடம் கையெழுத்து வாங்கிவிடுங்கள்: நாளுக்கு ஒரு மணி நேரத்துக்குக் குறைவாகப் பலகை தொட்டவர் 4 பேருக்கு மேல் போனால், அல்லது குவிஸ் எழுதாமல் வந்தவர் ஒரு குழுவில் 12 பேரில் 4ஐத் தாண்டினால், அல்லது சொந்தக் காசில் டேட்டா போட்டதால் பஸ் காசு இல்லாமல் ஒருவராவது வராமல் நின்றால், அந்தக் கிழமையே நிறுத்தி அட்டவணையைத் திருத்த வேண்டும். 2ஆம் கிழமை முடிவில் போர்ம், 3ஆம் கிழமை திங்கள் சுவரில் தாள். போர்மின் வரைவை இங்கே போடுங்கள், கேள்விகளைப் பார்த்துச் சொல்கிறோம்.